தலைகீழாக நீந்திய வாத்துகள்

போன வாரம் செவிலிமேடு டவுன் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண்மணியின் புடவையை வெறித்துப் பார்த்து மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த கணவர் திரும்பினார்.

"இன்னா சார், இன்னா பாத்துக்கினு இருக்கீங்க?"

"அந்த பார்டர்... நான் வரைஞ்சதுங்க!"

நம்பினாரா? மனைவியை ஜன்னலோரம் தள்ளி உட்காரச் சொன்னார்.

ஆனால் நான் சொன்னது சத்தியம். பட்டு முதலாளி ஒருவரிடம் டிசைன் வரைவதுதான் என் பிழைப்பு. கட்டம் போட்ட தாளில் நான் வரைவேன். அதைப் பார்த்து ஸ்டெல்லா என்ற பெண்மணி அட்டையில் ஓட்டை குத்துவார். அந்த அட்டை தறி மேல் ஏறினால், ஜரிகையில் டிசைன் விழும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு எனக்குச் சரக்கு தீர்ந்துபோயிற்று. மாங்காய், மயில், கோபுரம்... எதைக் காட்டினாலும் முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.

"அடுத்த திங்கக்கெழமைக்குள்ள புதுசா ஒண்ணு தறியில காட்டுய்யா. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வீட்டில் மூன்று குழந்தைகள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அன்று மத்தியானம் தாள் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். கனவில் தென்னேரி ஏரி. வரிசையாக வாத்துகள். ஒவ்வொன்றுக்கும் கீழே தலைகீழாக இன்னொரு வாத்து — தண்ணீரில் விழுந்த நிழல்! விழித்ததும் அப்படியே வரைந்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன்.

வீடு போய்ச் சேர்வதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. தலைகீழாகத் தொங்கும் பறவையைக் கல்யாணத்துக்கு யார் கட்டுவார்கள்? அபசகுனம் என்று முதலாளி கத்துவாரே! திரும்பி ஓடினேன்.

"கீழ் வரிசைய விட்டுடும்மா. மேல இருக்கற வாத்து போதும்."

ஸ்டெல்லா தாளையே பார்த்தார்.

"தண்ணியே வரையாம தண்ணிய காட்டியிருக்கீங்க சார். அத்தப் போயி வேணான்றீங்களே!"

"தூக்கத்துல வந்ததும்மா அது. தூக்கத்த நம்பிப் பொழைக்க முடியுமா?"

அவர் தாளை விரித்து வைத்துக் குத்த உட்கார்ந்தார். சரி என்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை போனால், தறியில் ஒரு சாண் நெய்து வைத்திருந்தார்கள். தலைகீழ் வாத்துகள் அத்தனையும் அங்கே இருந்தன!

முதலாளி குனிந்தார்... விரலால் தடவினார்... நான் மூச்சு விடவில்லை.

"இன்னாய்யா இது... ஏரியே மெதக்குது!"

வேலை பிழைத்தது. அந்த பார்டர்தான் இப்போது பஸ் ஏறி ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கனவு எல்லோருக்கும்தான் வருகிறது. கண்டவனே முதல் ஆளாக அதை அழிக்க ஓடுகிறான். நானும் ஓடினேனே! வரைந்தவனுக்கே நம்பிக்கை இல்லாததை, ஒருவர் உட்கார்ந்து அட்டை அட்டையாகக் குத்தியிருக்கிறார். எத்தனை பேருக்கு இப்படி ஒரு ஸ்டெல்லா கிடைப்பார்?

பஸ் கதையைச் சொல்லி, இத்தனை நாள் கழித்து நேற்றுதான் அவரிடம் நன்றி சொன்னேன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

ஸ்டெல்லா ஓட்டை குத்துவதை நிறுத்தவே இல்லை.

"அது கெடக்குது சார்... புதுசா எதுனா கனவு வந்துதா?"