ஆடி மாதம் என்று எழுதாத விண்ணப்பம்

என் மேசை இழுப்பறையில், எழுதுகோல்கள் வைக்கும் மரப்பெட்டிக்குள், விரல் நீளமுள்ள கண்ணாடித் தகடு ஒன்று பருத்தித் துணியில் பொதிந்து கிடக்கிறது. அதன் ஒரு முனையில் ஒட்டிய தாள்துண்டில் "கிழக்கு, ஏழு மணி" என்று எழுதியிருக்கிறது. மை மங்கிப் பழுப்பேறிவிட்டது. எழுத்து என்னுடையதன்று, கணக்கப்பிள்ளையுடையது. மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் அதனை வெளியே எடுத்துச் சாளரத்து ஒளியில் பிடித்துப் பார்ப்பேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. தெரியாது என்று அறிந்தே பார்க்கிறேன்.

நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம். வட்டவளைக்கு மேலே, மழை ஓய்ந்தால் மூடுபனியும் மூடுபனி விலகினால் மழையுமாக இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் பாடசாலைக்கு நான் ஒற்றை ஆசிரியனாக இருந்தேன். கொழுந்து பறிப்போரையும் மருந்தடிப்போரையும் மலையில் நின்று மேற்பார்வையிடும் கணக்கப்பிள்ளை, பாடசாலைக்கு எதிர்ச்சரிவில் இரண்டு அறை வீடொன்றில் தனியே வாழ்ந்தார். மனைவியைத் தோட்டத்துச் சவக்காலையில் அடக்கம் செய்துவிட்டு, ஒரே மகனைக் கடலுக்கு அப்பால், துறையூர்ப் பக்கத்தில் இருந்த மைத்துனர் வீட்டிற்குப் படிக்க அனுப்பியிருந்தார். கீழே தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் இருந்தோர் அவரைத் துரையின் ஆள் என்றனர். மேலே பங்களாவில் இருந்தோர் அவரை லயத்து ஆள் என்றனர். எனக்கும் அங்கே உறவென்று எவருமில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் அவர் குடையை மடக்கிக்கொண்டு பாடசாலைக்குள் வருவார். தகரக் கூரையின் மேல் மழை பெய்யும். இருவரும் பிள்ளைகளின் விசுப்பலகையில் அமர்ந்து, பேச்சின்றியும் ஒரு மணி நேரம் இருந்துவிடுவோம்.

அந்நாளில் தேயிலையைக் கொப்புள நோய் பற்றியிருந்தது. இளங்கொழுந்தில் எண்ணெய்த் துளி போல ஒரு பொட்டுத் தோன்றும், சில நாள்களில் அது கொப்புளமாகி வெண்தூள் பூக்கும், இலை கருகும். செம்பு மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து அடித்தவர்களின் கண்கள் மாலையில் சிவந்து நீர் வடியும். அவர்களை வரிசையில் நிறுத்தியவர் கணக்கப்பிள்ளையே ஆதலால், அக்கண்களை நாள்தோறும் அவரே பார்த்தார். ஆண்டுக்கணக்கில் அதே மலைகளில் நடந்தவர் ஒன்றைக் கவனித்திருந்தார். காலை ஏழு மணிக்கே வெயில் படும் கிழக்குச் சரிவில் கொப்புளம் குறைவு. நிழல்மரங்கள் அடர்ந்த மேற்குச் சரிவில் மிகுதி.

"அந்தத் தூளு வெயிலுக்கு வந்து சாவுதா, இல்ல அந்தப் பக்கம் வராமலே இருக்கா? இது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும் வாத்தியாரய்யா" என்றார் ஒரு நாள். "வந்து சாவுதுன்னா, மரத்துக் கிளையை வெட்டி வெயில விட்டாப் போதும். இவ்வளவு மருந்து எதுக்குங்க?"

அதனை அறிய அவர் தாமே ஒரு வழி கண்டார். தோட்டத்து மருத்துவமனையில் குருதி சோதிக்கப் பயன்படுத்திக் கழித்த கண்ணாடித் தகடுகளைக் கேட்டு வாங்கி, அவற்றில் களிம்பு தடவி, இரு சரிவுகளிலும் செடிகளுக்கிடையே குச்சி நட்டுச் செருகினார். காற்றில் வரும் தூள் களிம்பில் ஒட்டும், எண்ணிவிடலாம். கொழுந்து பறிக்கும் பெண்கள் விடுவார்களா?

"கணக்கப்பிள்ளை கண்ணாடி நட்டிருக்காரு, எப்ப மொளைக்குமாம்?"

"மொளைச்சா ஆளுக்கு ஒரு மொகம் பாக்குற கண்ணாடி குடுப்பாருடி!"

அவரும் சிரித்துக்கொண்டே, "மொதல்ல கூடையில கொழுந்தப் போடுங்க தாயி" என்று நகர்ந்துவிடுவார். ஆனால் எண்ணுவதற்கு நுண்ணோக்கி வேண்டும். தகடுகளைச் சேர்த்துவைத்த பிஸ்கட் பெட்டிக்குள் வட்டவளையின் ஈரமும் புகுந்து, ஒரே வாரத்தில் வேறு பூஞ்சணங்கள் அத்தனையையும் மூடிவிட்டன. எடுத்த நாளிலோ மறுநாளிலோ பார்த்தாலன்றிப் பயனில்லை என்று அவர் அப்போதே உணர்ந்துகொண்டார்.

அவ்வேளையில்தான் மலைக்கு அப்பாலிருந்த ஆய்வு நிலையத்திலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. நிலையத்து நுண்ணோக்கி அறையைத் தோட்டங்களில் பணிபுரிவோரும் மூன்று வாரம் பயன்படுத்தலாம். ஆய்வின் நோக்கம், முறை, வேண்டிய மாதம் ஆகியவற்றை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். தோட்டத்தை நடத்திய பெரிய துரை அதனைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து, "ஒரு தரம் போ. பொறகு கேக்காதே" என்றாராம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கணக்கப்பிள்ளைக்குத் தமிழ் எழுத வரும், சிங்களம் பேச வரும், ஆங்கிலம் வராது. எனக்கு வரும் என்பதில் எனக்கு அக்காலத்தில் சிறிது செருக்கும் இருந்தது.

நான்கு ஞாயிறுகள் அமர்ந்து எழுதினோம். அவர் சொல்வார், நான் எழுதுவேன். எழுதினேன் என்பதைவிட மாற்றினேன் என்பதே உண்மை. 'தூள்' என்றதைப் பூஞ்சணத்தின் 'வித்தி' என்னும் ஆங்கிலக் கலைச்சொல்லாக்கினேன். 'மருந்தடிக்கிறவங்க கண்ணு எரியுது' என்றதை, துரையின் மனம் நோகுமென்று நீக்கினேன். ஆள்வோருக்கு எழுதும் வகையில் நாங்கள் மலைநாட்டில் அறிந்தது ஒன்றே: பெட்டிசம். சம்பளம் குறைந்தாலும், கூரை ஒழுகினாலும், பிணத்தை ஊருக்குக் கொண்டுபோக வேண்டினாலும் எழுதுவது அதுவே. ஹட்டன் நகரின் பெட்டிசம் எழுத்தர்களைக் காட்டிலும் நான் அழகாக எழுதுவேன் என்று பெயர் பெற்றிருந்தேன். பணிவு எவ்வளவு ஆழமோ அவ்வளவு பலன் என்பதே அதன் விதி. கேட்பவன் நாள் குறிக்கலாகாது. கொடுப்பவரே குறிக்க வேண்டும்.

"மாசம் மட்டும் ஆடின்னு போட்டுருங்கய்யா. ஆனி போனாலும் போகட்டும், ஆடி முக்கியம். அப்பத்தான் எலையில கொப்புளம் நெறைஞ்சு கெடக்கும்" என்றார் கடைசி ஞாயிறன்று. "சரி" என்றேன். அவர் சென்றபின் அந்த இடத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதியதன் பொருள்: 'பெரியோராகிய தங்களுக்கு உகந்த எக்காலமாயினும் அடியேனுக்கு உகந்ததே.' எழுதி முடித்து இருமுறை வாய்விட்டுப் படித்தேன். அதன் ஓசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அனுமதி வந்தது. பெரட்டுக் களத்தில், காலையில் ஆள்கள் அணிவகுத்து நிற்கையிலேயே, கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பாடசாலைக்கு ஓடிவந்தார். நான் படித்துச் சொன்னேன். நுண்ணோக்கி அறை வெறுமையாக இருக்கும் மாசி மாதத்தின் மூன்று வாரங்களை ஒதுக்கியிருந்தனர்.

"மாசியிலயா? மாசியில காஞ்சு கெடக்குமே. எலையில என்னங்க இருக்கும்?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நாம ஆடின்னுதானே கேட்டோம்?"

"கேட்டோம். அவங்க வசதிப்படி குடுத்திருக்காங்க" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களுள் மிகச் சிறியது அது; ஆறு சொற்கள் கூட இல்லை. அதனை அவர் ஐயுறவில்லை. பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பது இருவருக்கும் தெரிந்ததே அன்றோ!

எனினும் அவர் போனார். வெயிலில் உலர்ந்த கிழக்குச் சரிவிலும் மேற்குச் சரிவிலும் தகடுகளை வைத்து எடுத்து, மூன்று வாரமும் தொடர்வண்டியில் ஏறிச் சென்று வந்தார். கொப்புளமே இல்லாத காலத்தில் இரு பக்கத்துக் கண்ணாடிகளும் ஒன்று போலவே வெறுமையாக இருந்தன. ஒவ்வொன்றையும் முழுமையாக நோக்கிக் குறிப்பேட்டில் 'ஒன்றும் இல்லை' என்று பதிந்தார். அக்குறிப்பேட்டைப் பின்னர் பார்த்தேன். பக்கம் பக்கமாக அதே இரு சொற்கள், அவருடைய ஒழுங்கான கையெழுத்தில்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல விசுப்பலகையில் அமர்ந்தார். குடையை நெடுநேரம் மடக்கியும் விரித்தும் கொண்டிருந்தார். வெளியே மழை இல்லை.

"அங்க ஒரு சிங்கள மாத்தயா இருந்தாரு, நல்ல மனுசன். 'இந்த மாசத்துல ஏன் வந்தீங்க'ன்னு கேட்டாரு. நீங்கதானே குடுத்தீங்கன்னேன். நம்ம கடுதாசிய எடுத்து வந்து, அதுல இருக்கறதச் சிங்களத்துல எனக்குப் படிச்சுக் காட்டினாரு."

நான் பிள்ளைகளின் சிலேட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்கன்னு சொன்னாருங்க" என்றார். குடையை மடக்கி மடியில் வைத்து, "ஆடின்னு ஒரு சொல்லு போதுமேய்யா" என்றார்.

அவ்வளவே. சினமில்லை, குரலும் உயரவில்லை. அதன்பின் ஞாயிறுகளில் அவர் வருவது குறைந்து, பின்னர் நின்றது. வழியில் கண்டால் வணங்குவார், நலம் கேட்பார். துரை சொன்ன ஒரு தரம் முடிந்துபோயிற்று. மேற்குச் சரிவில் மருந்தடிப்பு முன்போலவே நடந்தது. பாடசாலையிலிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவில் அவர் வீட்டு விளக்கு தெரியும். என் விளக்கும் அவருக்குத் தெரிந்திருக்கும். பத்து ஆண்டுக்கு மேலாக அவ்விரு விளக்குகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அறுபதுகளின் தொடக்கத்தில், மகன் அழைத்தமையால், அவர் துறையூருக்கே போய்விட முடிவு செய்தார். வட்டவளை நிலையத்தில் வழியனுப்ப நான் ஒருவனே நின்றேன். வண்டி அரைமணி தாமதம். மன்னிப்புக் கேட்க அரைமணி நேரம் தாராளமாகப் போதும். நானோ துறையூரின் வெயிலைப் பற்றியும் தலைமன்னார்க் கப்பலைப் பற்றியும் பேசினேன். வண்டி வந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து துணிப்பொதி ஒன்றை எடுத்தார்; உள்ளே, தாள்துண்டு ஒட்டிய கண்ணாடித் தகடு.

"ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. ஆடி மாசம் ஒரு நாளு வையுங்கய்யா. கெழக்க, நான் வச்ச அதே எடத்துல."

வைத்தேன். அவ்வாண்டு ஆடியில், மூடுபனியினூடே சரிவேறி, களிம்பு தடவிய தகட்டைச் செருகி, காலை ஏழு மணி வெயில் படும்வரை அருகே நின்றேன். கொழுந்து பறித்த பெண்கள், "வாத்தியாரும் கண்ணாடி நட ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரித்தனர். எடுத்துவந்து துணியில் பொதிந்து வைத்தேன். எந்த நுண்ணோக்கியும் அதனைப் பார்க்கவில்லை. இன்று பார்த்தாலும் பழம் பூஞ்சணமே தெரியும் என்று அறிவேன்.

சென்ற வாரம், பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் அயல்வீட்டார் ஒருவரிடம், பொது ஆய்வுக்கருவிகளைப் பயன்படுத்துவதற்கான படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். எதற்கென்று அவர் கேட்டார், சும்மா என்றேன். இவ்வயதில் அதனை நான் அனுப்பப் போவதில்லை. ஆயினும் கண்ணாடித் தகட்டைத் தாளின் மேல் பாரமாக வைத்து நிரப்பினேன். வேண்டிய மாதம் என்னும் இடத்தில், ஆடி. ஆய்வின் நோக்கம் என்னும் இடத்தில், 'அந்தத் தூளு வெயிலுக்கு வந்து சாவுதா, இல்ல அந்தப் பக்கம் வராமலே இருக்கா?'

ஒரு சொல்லையும் திருத்தவில்லை.