இறங்காத உத்திராபதி

என் வீட்டுக்காரருக்கு வாய் எட்டு ஊருக்குக் கேட்கும், கால் எட்டடி நடக்காது. பேர் நான் சொல்லமாட்டேன், ஊரே சொல்லும் உத்திராபதி என்று. சிங்கவரம் ரோட்டில் இருந்த டூரிங் டாக்கீஸுக்குப் படம் கூவுகிற வேலை. சைக்கிள் ஹாண்டில்பாரில் ஒரு தகரக் குழாய் தொங்கும். அதை வாயில் வைத்து அவர் "இன்று இரவு…" என்று இழுத்தால், கோட்டை மேல் இருக்கிற குரங்குகூட டிக்கெட் வாங்க இறங்கி வரும் என்பார்கள்.

சின்ன வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து அவருக்கு வலது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலை டியூப் துண்டால் பெடலோடு கட்டிக்கொண்டு, இடது காலால் மிதிப்பார். காற்றாய்ப் போவார். தரையில் நடப்பதென்றால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலைக் கையால் அழுத்த வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் போகும், தோள் ஒரு பக்கம் போகும். அதை வீட்டுக்குள் நான்தான் பார்த்திருக்கிறேன். வெளியே டீ குடிப்பதுகூட சைக்கிளில் உட்கார்ந்தபடி, சுவரில் ஒரு கை ஊன்றிக்கொண்டுதான். கர்வம் பிடித்த மனுஷன். எனக்கு அந்தக் கர்வம் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுபத்து நாலில் எங்கள் வெள்ளிக்கிழமைச் சந்தையை அவலூர்பேட்டைக்காரர் சம்பந்தம் குத்தகைக்கு எடுத்தார். எடுத்த சில வாரத்திலேயே தொண்டூர் ஆள் ஒருத்தன் சைக்கிளோடு முட்டைக்கூடை மேல் ஏறிவிட்டான். வழியெல்லாம் மஞ்சள் கரு. உடனே சம்பந்தம் சட்டம் போட்டார். சந்தைக்குள் யாரும் சைக்கிள் ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதைக் கூவச் சொல்லி யாரிடம் கொடுத்தார்? இவரிடம்! இவரும் தெருத்தெருவாய்ப் போய் ராகம் போட்டுக் கூவிவிட்டு வந்தார்.

"இன்னாய்யா இது? ஆனை தன் தலைல தானே மண்ண வாரிப் போட்டுக்கினா மாரி! நீ எப்பிடி சந்தைக்குள்ள போவ?" என்றேன்.

"அது முட்டை ஒடைக்கிறவனுக்குப் போட்ட சட்டம்டி. என்னை எவன் கேக்கப் போறான்?"

கேட்டார்கள். வெள்ளிக்கிழமை சந்தை வாசலில் கயிறு கட்டி, பாவாடை என்கிற காவல்காரன் நின்றான். சந்தையில் கூவினால்தான் டாக்கீஸுக்குக் கூட்டம் வரும். கூவாவிட்டால் முதலாளி வேறு ஆள் பார்த்துவிடுவார்.

"எறங்குண்ணே."

"பாவாடை, என் காலு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. குத்தகைக்காரரு பாத்துக்கினு இருக்காரு. எறங்கிடு."

இவர் அசையவில்லை. அங்கே வளையல் விற்றுக்கொண்டிருந்த மெஹபூப் பீ எழுந்து வந்தாள். "இன்னா பெரிய சட்டம்! மிதிக்கத்தான கூடாது? அண்ணன் குந்தட்டும், நாம தள்ளுவோம் வாங்க" என்றாள். நாலு பேர் பிடித்துத் தள்ளினார்கள். எவனோ ஒருவன் "கோவிந்தா!" என்று குரல் கொடுத்தான். புளி வாங்க வந்திருந்த நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு டாக்கீஸில் உட்கார இடமில்லை.

வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"நல்லதுதான செஞ்சாங்க?" என்றேன்.

"நல்லதுதான். ஆனா நிறுத்துன்னா நிக்கமாட்றாங்கடி. நான் இந்தப் பக்கம் திருப்பினா அவங்க அந்தப் பக்கம் தள்றாங்க. நான் இன்னா தேரா? எனக்கு வேணாம் அந்தச் சந்தை. மொதலாளி வேற ஆளப் பாத்துக்கட்டும்."

அவர் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நின்றதும் திரும்பியதும் அந்த சைக்கிள் மேல் மட்டும்தான். அதையும் பிடுங்கிக்கொண்டார்களே!

மறுநாள் மல்லாட்டைக் கடலை உடைக்கிற கூலிக்குப் போகாமல் நேரே சம்பந்தம் வீட்டுக்குப் போனேன். வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். இவரை மட்டும் சைக்கிளோடு சந்தைக்குள் விடச் சொல்லிக் கேட்டேன்.

"உம் புருசனா? பெரிய மனுசன் எதிர்ல வந்தா சைக்கிள்ல போறவன் எறங்குவான். அதான் மரியாத. நானும் வந்த நாளாப் பாக்கறேன், ஒரு நாளு எறங்கினானா? மேலயே குந்திக்கினு வணக்கம் வைக்கறான்!"

"அவருக்குக் காலு வராதுங்க."

"பாவாடையும் சொன்னான், கொஞ்சம் நொண்டுவான்னு. சைக்கிள் மிதிக்கறவனுக்கு நடக்க வராதா? யாருக்கும்மா காது குத்தற?"

கொஞ்சமாம்! ஆத்திரத்தோடு திரும்பி நடந்தேன். பாதி வழி வந்தபோதுதான் உறைத்தது. சம்பந்தம் இவர் நடந்து பார்த்ததே இல்லை. யார்தான் பார்த்தார்கள்?

வீட்டில் வந்து ஒன்று விடாமல் சொன்னேன். இவர் சைக்கிளை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சம்பந்தம் வீட்டு கேட்டில் காலைக் கட்டவிழ்த்துக்கொண்டு இறங்கினார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். முழங்காலில் கையை வைத்து நடக்க ஆரம்பித்தார். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். ஓர் இடத்தில் தடுமாறினார். பிடிக்க ஓடினேன், ஒரு பார்வை பார்த்தார், நின்றுவிட்டேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வேப்பமரம் வரைக்கும் அவரே போனார்.

சம்பந்தம் கையில் வெற்றிலை மடித்தபடியே இருந்தது.

"எறங்கினா நான் இவ்ளோதாங்க. அதான் எறங்கறதில்ல. மரியாத தெரியாம இல்லீங்க" என்றார் இவர், மூச்சு வாங்க.

சம்பந்தம் பதறி எழுந்தார். "அய்யய்யோ, எனக்குத் தெரியாமப் போச்சேப்பா! நீ எப்பவும் போல சந்தைக்குள்ள ஓட்டிக்கினு போ, ஒருத்தனும் கேக்கமாட்டான். இரு, நான் தூக்கி சைக்கிள்ல ஏத்திவுடறேன்" என்று இடுப்பில் கை போட வந்தார்.

"தூக்க வேணாங்க. வழி வுட்டாப் போதும்."

சம்பந்தம் கையை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். இவர் முழங்காலை அழுத்தி அழுத்தி, வந்தபடியே கேட்டுக்கு நடந்தார்.