பஞ்சு முளைத்த கல்

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், ஸ்படிக மாலையும் பூஜை அறைக் கற்களும் விற்கும் கடையில் எனக்குக் கல் கழுவுகிற வேலை. கற்கள் மூட்டையில் வரும். செம்மண்ணும் துருக்கறையும் அப்பியிருக்கும். கொல்லையில் ஒரு நீல டப்பில் தண்ணீர் பிடித்து, கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் கலந்து, கற்களை ஊறப் போட வேண்டும். போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் கறை இளகியிருக்கும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து நாலு தண்ணீரில் அலசி வெயிலில் வைத்தால் அழுக்கு மூட்டையிலிருந்து வந்த கல்லா இது என்று இருக்கும்.

முதலாளிக்கு ஒரே சட்டம்தான். “அழுக்கா ஒரு கல் இந்த வாசப்படியைத் தாண்டப்படாதுடா. சின்னக் கல்லோ பெரிய கல்லோ, நன்னா அலம்பித்தான் குடுக்கணும்.”

நான் ஒன்றைக்கூடத் தாண்டவிட்டதில்லை. அந்தப் பழக்கத்தால் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

பள்ளிக்கூடம் எனக்கு எட்டாவதோடு நின்றது. கோட்டூர்புரம் பக்கம் அடையாற்றங்கரையில் எங்கள் குடிசை இருந்தது. அதைப் பிடுங்கி எங்களை ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் போட்டார்கள். வீட்டார் போனார்கள். நான் போகவில்லை. லாரியில் கிளீனராக இருந்தேன். தி. நகர் பிளாட்பாரத்தில் கர்ச்சீப் விற்றேன். கல்யாண மண்டபங்களில் இலை எடுத்தேன். அப்புறம் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் வலை இழுக்கப் போனேன். எனக்குக் கடல் தெரியாது, ஆனால் இழுக்கத் தெரியும். அங்கேதான் அவன் சிநேகிதமானான். என் வயசுதான். எனக்கு இல்லாத ரெண்டு அவனுக்கு இருந்தன: ஒரு பெண்டாட்டி, எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை.

அந்த வருஷம் கடலில் ஒன்றும் கிடைக்கவில்லை. வடக்கே மகாராஷ்டிராவில் கிணறு வெட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருத்தன் வந்தான். நான் உடனே சரி என்றேன், எங்கே கூப்பிட்டாலும் போகிறவன். அவன் யோசித்தான். “நானும் வர்றேன் மச்சி, நீ தனியா போனா வழியிலயே எறங்கி வேற எங்கனா பூடுவ” என்று கிளம்பினான். அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து, “அண்ணே, உன்ன நம்பித்தான் அனுப்புறேன்” என்றாள். தலையாட்டினேன்.

அந்த ஊர்ப் பாறை கறுப்பு. எங்கே தோண்டினாலும் கறுப்பு. கம்ப்ரஸர் லாரியோடு ஊர் ஊராகப் போவோம். ஊர்ப் பெயரை யாரும் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம். ஒரு கிணற்றில் பத்து ஆள் ஆழம் போயிருந்தோம். துளை போடுகிற கம்பி திடீரென்று பொத்தென்று உள்ளே போனது. பாறைக்குள் ஒரு பொந்து. அவன் சுத்தியலால் ஓரத்தைத் தட்டி எடுத்தான். கொட்டாங்குச்சி அளவுக்கு ஒரு கறுப்புக் கிண்ணம் கையோடு வந்தது. அதற்குள் வெள்ளையாக உருண்டையாகப் பஞ்சு.

“மச்சி, இங்க பாரு. கல்லுக்குள்ள முயலு கீது.”

பஞ்சு இல்லை. முடி. தலைமுடியைவிட மெல்லிசாக, நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விறைத்து நிற்கும் வெள்ளை முடி. எங்கள் ரெண்டு பேர் கையும் கிரீஸ். தொட்ட இடத்தில் ஒரு கட்டைவிரல் அளவுக்கு முடி படுத்துக்கொண்டது, கறுப்பாகக் கறையும் ஆனது. திரும்ப எழவில்லை.

“கைய வெக்காதடா. இது எம் பொண்ணுக்கு. நீ மேல எடுத்துக்கினு போய்ப் பத்திரமா வெய்யி. இங்க கெடந்தா எவனாவது மிதிச்சிடுவான்.”

இரும்பு வாளியில் நின்றபடி, கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே வந்தேன். லாரி நிழலில் உட்கார்ந்து துண்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். கிணற்றின் பக்கச் சுவரிலிருந்து ஒரு பாறை பெயர்ந்து விழுந்தது. கீழே அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

உடம்பை அவ்வளவு தூரம் கொண்டுவர வழியில்லை. அங்கேயே எரித்தோம். நான் குப்பத்துக்கு வந்து சொன்னேன். கல் என் பையில்தான் இருந்தது. ஆள் இல்லை, இந்தா கல் என்று எடுத்து நீட்ட அன்றைக்குக் கை வரவில்லை. மறுநாள் கொடுக்கலாம் என்று நினைத்து மறுநாளே ஊரைவிட்டுப் போய்விட்டேன். பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து, அதில் அந்தக் கல்லை வைத்து, போன இடமெல்லாம் கொண்டுபோனேன். குழந்தை பெரிய பெண்ணாகிற வரைக்கும் அது என்னிடம்தான் இருந்தது. இதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

திரும்பி வந்து மயிலாப்பூர்க் கடையில் சேர்ந்த பிறகுதான் குப்பத்துப் பக்கம் போனேன். அவன் பெண்டாட்டி மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணே, நீ செத்துப் பூட்டன்னு நெனச்சேன். கெழங்கான் கீது, வேணுமா?” என்றாள். அவ்வளவுதான் விசாரணை. அவர்கள் பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். என்ன படிப்பு என்று கேட்டேன். பாறை, கனிமம் பற்றிய படிப்பு என்றாள். அவளுடைய அப்பாவின் சாமான் என்று அந்த வீட்டில் ஒரு போட்டோ மட்டும் இருந்தது. அதுவும் கூட்டத்தில் எடுத்தது, பாதி முகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கொண்டுபோய்த் திறந்தேன். அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள், ஊதினால் பறந்துவிடும் போல.

“மாமா, இது ஓகனைட்டா இருக்கும். எங்க சார்கிட்டகூடக் கிடையாது.”

அந்த வாரத்திலேயே ஒரு நாள் என்னைக் கோட்டூர்புரத்துப் பெரிய நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். எங்கள் குடிசை இருந்த இடத்திலிருந்து நடந்து போகும் தூரம். உள்ளே ஏசி. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன், “போட்டுக்கோ மாமா, மானத்த வாங்காத” என்றாள். தடித் தடிப் புத்தகமாக இறக்கி வைத்துத் தமிழில் சொன்னாள். சுண்ணாம்புச் சத்து, மணல் சத்து, தண்ணீர் மூன்றும் சேர்ந்தது இந்தக் கல். தண்ணீர் ஒட்டியிருப்பதில்லை, கல்லின் உடம்போடு உடம்பாக இருக்கிறது. சூடு காட்டினால் போய்விடும். கண்ணாடியைவிடக் கொஞ்சம் மிருதுவானது. எரிமலைக் குழம்பு ஆறிய பாறையின் பொந்துகளில்தான் வளரும்.

“இத எந்த ஜாதில வெக்கிறதுன்னு அவங்களுக்கே சண்ட மாமா. பழைய புக்குல சங்கிலி மாதிரி கோத்திருக்குன்னு ஒரு வகையில போட்டிருக்கான். இதுல ஏடு ஏடா அடுக்கியிருக்குன்னு வேற வகை.”

“எனக்கும் அப்பிடித்தான். ரேஷன் கார்டுல ஒரு அட்ரஸு, ஓட்டு கார்டுல ஒரு அட்ரஸு.”

சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு சிக்கலைச் சொன்னாள். இதே போல வெள்ளையாக முடி முடியாக ஸ்கோலசைட் என்று இன்னொன்று உண்டு. அதில் அலுமினியம் இருக்கும், இதில் இருக்காது. அது ஊசி, தொட்டால் ஒடியும். இது முடி, தொட்டால் வளையும். எது என்று உறுதியாகச் சொல்ல ஒரு சிட்டிகை எடுத்துக் கருவியில் பார்க்க வேண்டும். அவளுடைய சார் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஓகனைட்தான் என்று தெரிந்துவிட்டால் துறையின் கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். பக்கத்தில் ஓர் அட்டை இருக்கும். கல்லின் பெயர், வகை, கண்டெடுத்தவர் பெயர்.

“கண்டெடுத்தவர்னு அப்பா பேர எழுதுவாங்க மாமா.”

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை கல்லூரிக்கு எடுத்துப்போகலாம் என்று முடிவானது. அவர்கள் வீட்டில் எலித் தொல்லை. அதுவரை நீயே வைத்திரு மாமா, இத்தனை வருஷம் காப்பாற்றினவன் என்றாள்.

தங்கியிருந்த அறையில் விட்டுவிட்டு வர மனசில்லாமல் சனிக்கிழமை டப்பாவைக் கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி எட்டிப் பார்த்தார். “என்னடா இது, கல்லுல காளான் புடிச்சிருக்கு?”

“இது வெலைக்கு இல்ல சாமி. காலேஜுக்குப் போவுது.”

“காலேஜுக்கா? இந்த அழுக்கோடயா?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். இத்தனை வருஷத்துத் தூசி முடியில் படிந்து பழுப்பாகியிருந்தது. ஒரு பக்கம் அந்தக் கறுப்புக் கறை. கண்ணாடி அலமாரி, விளக்கு, அவன் பெயர் எழுதிய அட்டை, பக்கத்தில் இந்த அழுக்கு. எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற கற்களுக்குக் கலக்குகிற ஆசிட்டில் பாதிதான் கலந்தேன். மெதுவாக, இரண்டு கையாலும் இறக்கினேன். டீ குடிக்கப் போனேன்.

வந்து பார்த்தபோது கறை போயிருந்தது. முடியும் போயிருந்தது. கறுப்புக் கிண்ணத்தின் அடியில் வடித்த கஞ்சி போல ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. முதலில் நுரை என்று நினைத்தேன். விரலை வைத்தேன். கொழகொழவென்று வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், எல்லாக் கல்லுக்கும் செய்வது போல ஆசிட் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். மிச்சத்தை ஒரு டம்ளரில் வழித்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் டம்ளரையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அடையாறு பாலத்தில் பஸ் நின்று நின்று போயிற்று. இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றியது. போகத் தெரிந்தவன்தானே நான். இறங்கவில்லை.

அந்தப் பெண் டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். எதில் போட்டாய் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

“ஆசிட்ல ஜெல்லி ஆயிடும்னு புக்குல போட்டிருக்கு மாமா. நான்தான் அத படிச்சிச் சொல்லல. யாரு போய் அத ஆசிட்ல போடுவான்னு...”

“அப்போ அதுதானேம்மா? ஜெல்லி ஆச்சுன்னா நீ சொன்ன கல்லுதானே?” எனக்கு அப்போதும் ஏதோ கிடைக்கும் என்று நினைப்பு.

“ஸ்கோலசைட்டும் ஜெல்லிதான் ஆகும். அந்தத் தண்ணி எங்க?”

“கொட்டிட்டேன்.”

“சுண்ணாம்பு அதுல போயிடுச்சு. அலுமினியம் இருந்திருந்தா அதுவும் அதுல போயிருக்கும். எதுவா இருந்தாலும் கடைசில இதுதான் மிஞ்சும் மாமா. கருவியில வெச்சா ஒண்ணும் தெரியாது. இதுக்கு உள்ள ஒரு ஒழுங்கே கிடையாது. இது கல்லே இல்ல இப்போ.”

அவள் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். டம்ளரைப் பார்த்தாள். “இன்னாது, கஞ்சியா?”

பெண் சொன்னாள். அம்மா முழுவதும் கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “ஒரு ஆள உங்கூட அனுப்புனேன். கல்லா கொணாந்த. அந்தக் கல்லையும் கஞ்சியா கொணாந்து வெக்கிறியே நைனா. நீ கொஞ்சம் சும்மா இருந்தா இன்னா?”

அண்ணே என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். மீன் வாங்க வருகிறவர்களைத்தான் நைனா என்பாள்.

திங்கட்கிழமை அந்தப் பெண் வெறும் கறுப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். ஓரத்தில் எங்காவது ஒரு முடி மிஞ்சியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடினார்களாம். நான் கழுவிய கல்லில் எதுவும் மிஞ்சாது. போவதற்கு முன் என்னை உட்கார வைத்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். எவ்வளவு பெரிசு, என்ன வெள்ளை, எந்த ஊர். ஊர் தெரியாது என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

“அந்தக் கறை அப்பா கட்டைவிரல் வெச்ச எடம்னு அன்னிக்குச் சொன்னல்ல. அப்பா வெச்சப்போ முடி ஒடஞ்சுதா, வளைஞ்சுதா?”

“வளைஞ்சுதும்மா. அப்பிடியே படுத்துக்கிச்சு.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“கீது.”

எழுதினாள். அவளுடைய சார் அந்த நோட்டைப் படித்துவிட்டு, வருத்தம்தான், ஆனால் ஒருத்தருடைய ஞாபகத்தை அலமாரியில் வைக்க முடியாதே என்றாராம். கறுப்புப் பாறை அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

கிண்ணம் இப்போது அவர்கள் வீட்டில் போட்டோவுக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது. டம்ளரில் இருந்தது காய்ந்து வெடித்துப் பொடியாகிவிட்டது. எங்கே போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் போனால் டீ கொடுக்கிறார்கள். அந்தப் பெண் சில நாள் பேச்சுக்கு நடுவில் அதே கேள்வியைக் கேட்கிறாள், வளைஞ்சுதா மாமா என்று. வளைஞ்சுது என்கிறேன். அந்த ஒரு வார்த்தையில்தான் அது ஓகனைட்டாக இருக்கிறது.

ஆனால் நான் அந்த டப்பாவை எத்தனையோ ஊர்களில், எத்தனையோ மண்டபத் திண்ணைகளில் உட்கார்ந்து திறந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கிணற்றில் எங்கள் ரெண்டு பேர் கையிலும் கிரீஸ் இருந்தது. கைய வெக்காதடா என்று அவன் என்னிடம்தான் சொன்னான். அந்தக் கட்டைவிரல் அவனுடையதா, என்னுடையதா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை.