பந்தலுக்குச் சரிவு வைக்க மறந்தோம்

மழையை ரசிக்க எனக்குப் பிடிக்கும் என்பதால், காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் என் கணவரே மரப்பந்தல் போட்டார். மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட் விரித்தார். முதல் மழையன்றே இருவரும் அதனடியில் டீயுடன் உட்கார்ந்தோம்.

பக்கத்து மாடியிலிருந்து கன்னியம்மா அக்கா கத்தினார்: "இன்னாம்மா, மேல தண்ணி குளமாட்டம் நிக்கிது! சாரை இட்டுகினு எயுந்து வா!"

அண்ணாந்து பார்த்தேன். ஷீட் தொங்கி, சட்டம் வளைந்திருந்தது. கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். நாங்கள் வாசலைத் தொடுவதற்குள் பந்தல் நாற்காலிகள்மேல் சரிந்தது.

"தண்ணி வழிய சரிவு வைக்கலையே... உன் மேல விழுந்திருந்தா?" என்றவரின் குரல் உடைந்தது.

மறுபடி சரிவாகக் கட்டிவிட்டோம். இருந்தாலும் மழை நாட்களில் அவர் முதலில் போய், குச்சியால் ஷீட்டைத் தட்டிப் பார்த்து "வா" என்ற பிறகே நான் போகிறேன்.