ஜெஸீமா டீச்சரின் மீன் கொப்பிகள்

ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் "ஜெஸீமா டீச்சர் மௌத்து" என்று வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இறந்துவிட்டதாக அந்தக் குழு ஏற்கெனவே ஒருமுறை துஆக் கேட்டிருக்கிறது. முந்தின நாள் டீச்சர் மூன்றாம் பாடவேளைக்கு வகுப்புக்குப் போனதை நானே பார்த்தேன். அவருடைய தம்பிக்கு அழைத்தேன். "ஓம் சேர், சுபஹுத் தொழுகைக்குப் பிறகுதான். நெஞ்சு நோகுது எண்டு சொன்னா, அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கும்வரை நான் உடுப்பு மாற்றவில்லை. என் குணம் அப்படி. அவரைப் பற்றி எழுதும்போது அந்தக் குணத்தை மறைத்து எழுத முடியாது.

கல்முனையில் எங்கள் பாடசாலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர் அவர். நிந்தவூரில் வயல் செய்கிற குடும்பம். வந்த சில மாதங்களிலேயே தரம் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக் கடல் பாதுகாப்புக் கழகம் தொடங்கினார். வயல்காரர் வீட்டுப் பெண்ணுக்குக் கடலில் என்ன அக்கறை? பின்னால் ஏதாவது நிறுவனம் இருக்கும், அல்லது பிரதி அதிபர் பதவியில் கண் இருக்கும் என்று ஆசிரியர் அறையில் சொல்லித் திரிந்தேன். அவர் காதிலும் விழுந்தது. "அப்பிடி ஒரு ப்ரொஜெக்ட் கிடைச்சா முதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லுவன் சேர். நீங்கதான் நல்லா விளம்பரம் செய்யிறீங்க" என்றார். அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடல் பாதுகாப்பு என்றால் ஆமைப் படம் கீறிச் சுவரில் ஒட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளை அளவு நாடாவோடு சாய்ந்தமருதுக் கரைக்குக் கூட்டிப் போனார். தோணி இறக்கும் மீன் என்ன இனம், எத்தனை அங்குலம், சினை இருக்கிறதா என்று பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். ஒருநாள் மீன் வாங்க வந்தவன் போல நின்று வேவு பார்த்தேன். "கடல்ல மீன் முடியுமா டீச்சர்?" என்று ஒரு மீனவர் கேலியாகக் கேட்டார். "எனக்குத் தெரியா காக்கா. அதான் அளக்கிறம்" என்றார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நான் சொல்லுறன் எண்டதுக்காகவும் நம்பாதீங்க. நல்லாச் சந்தேகப்படுங்க. ஆனா அளந்து பாத்திட்டுச் சந்தேகப்படுங்க."

ஒரு வருடக் கணக்கை மீனவர் சங்கத்தில் வைத்து, பாரை மீன் வரவரச் சிறுத்துப் போவதைப் பிள்ளைகளே விளக்க வேண்டும், சினை நண்டைக் கடலிலேயே விடும்படி கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக ஐந்து கொப்பிகளை நூலால் கட்டி என் மேசையில் வைத்தார். "நீங்க கணக்குப் படிப்பிக்கிற சேர். சராசரி சரியா எண்டு பாத்துத் தாங்க. ஒரு இலக்கம் பிழைச்சாலும் கரையில எங்கள நம்ப மாட்டாங்க." என் தம்பிக்கு அந்தக் கரையில் தோணி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் என்னை மாட்டிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கொப்பிக் கட்டை அவிழ்க்கவில்லை.

அடுத்த கிழமை கடற்றொழில் அதிகாரிகள் வந்து தம்பியின் தங்கூசி என்கிற நைலோன் இழை வலையை அள்ளிக்கொண்டு போனார்கள். தடைசெய்யப்பட்ட வலைதான். ஆனால் அவன் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிந்தது. "டீச்சர்ட கொப்பியாலதான் இது வந்த" என்று அவனிடம் சொன்னேன். அதிபரிடம் போய், பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்புவதில் பெற்றோர் கொதித்துப் போயிருக்கிறார்கள் என்றேன். அதிபர் அன்றே கழகத்தை நிறுத்திவிட்டார்.

மறுநாள் டீச்சர் என் மேசைக்கு வந்தார். "சேர், கொப்பியளத் திறந்து பாத்தீங்களா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவர் போட்ட முடிச்சு அவர் போட்டபடியே இருந்தது. அதைப் பார்த்தார். "அப்ப சரி சேர்" என்று போய்விட்டார்.

பாடசாலை விட்ட பிறகு அவிழ்த்தேன். மீன், திகதி, நீளம், சினை. ஐந்து கொப்பியிலும் இவ்வளவுதான். முதல் பக்கத்தில் அவருடைய கையெழுத்தில், "ஆட்களின் பெயர் எழுதக் கூடாது. தோணி, வலை பற்றி எழுதக் கூடாது" என்று இருந்தது. வலை பிடிபட்ட அன்று பொத்துவில் தொடங்கிக் கரை முழுக்கவே அதிகாரிகள் வந்திருந்தார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. சராசரிகளைச் சரிபார்த்தேன். ஒன்றும் பிழையில்லை. அவர் வகுப்பில் இருந்த நேரம் பார்த்து, களவெடுத்ததைத் திருப்பி வைப்பவன் போல அவர் மேசையில் வைத்தேன். அதிபரிடம் எதுவும் சொல்லவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை. வெட்கம். டீச்சர் கடைசிவரை எனக்கு சலாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அவரிடம் படித்தவர்கள் இதை வாசித்தால் கோபப்படுவீர்கள். படுங்கள்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய தம்பி எழுந்து நின்றார். "எங்கட ராத்தா ஆருக்கும் கதையால, செயலால நோவினை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்யுங்க" என்றார். ஜனாஸாவில் வழமையாகக் கேட்கிற மன்னிப்புத்தான். என் பக்கத்தில் நின்ற என் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தான். "வலை விசயத்த நான் மாப்புச் செஞ்சிட்டன் காக்கா. பாவம், நல்ல மனிசி" என்றான். தொழுகைக்குத் தக்பீர் கட்டினார்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டேன்.

அவர் உயிரோடு இருக்கையில் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு என்னிடமே தங்கிவிட்டது. டீச்சரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அதுதான். எழுதிவிட்டால் பாரம் இறங்கும் என்று சொல்வார்கள். அதிலும் எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் எழுதுகிறேன். அதிபர் சேர், ஒரு பெற்றோரும் முறையிடவில்லை. அந்தக் கழகத்தைத் திரும்பத் தொடங்குங்கள். தம்பி, உன் வலை போனதற்கும் டீச்சருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்று நீ அவருக்குக் கொடுத்த மாப்பை நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.