திருப்ப முடியாத எழுத்து

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள், புடைப்பு எழுத்துகள் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றை நடத்தினேன். கம்பெனி வாசல்களில் நல்ல கனத்தோடு நிற்குமே, அந்த ஸ்டீல் எழுத்துகள். சென்னையில் படித்துவிட்டு வந்த திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. யார் வந்தாலும், தகட்டை வெட்டுவதற்கு முன்னால் மூட் போர்டு போட்டே ஆக வேண்டும் என்பேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. தெர்மாகோல் அட்டையில் படங்கள், வண்ணத் துண்டுகள், தகட்டு மாதிரிகள் எல்லாவற்றையும் குத்தி வைத்து, எழுத்தைப் பார்த்ததும் மனதில் என்ன தோன்ற வேண்டும் என்று முடிவு செய்வது.

ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மெஸ் ஆரம்பிக்கப் போகிறார்கள். பேச்செல்லாம் மனைவிதான். "மொதல்ல உங்களுக்கு ஒரு மூட் போர்டு போட்டுடலாம்" என்றேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"இன்னாக்கா, கடைய இன்னும் தொறக்கவே இல்ல. அதுக்குள்ள மூடு போர்டா?"

நான் சிரித்துவிட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. அவர்கள் சிரிக்கவில்லை. கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்களாம். காலை ஷிஃப்டுக்குப் போனவர், கேட்டில் தொங்கிய போர்டைப் படித்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"சாப்பாட்டு டப்பாவ புடிச்சிக்கினு மத்தியானம் வரைக்கும் அங்கியே நின்னுனு இருந்தாரு. அதுலேர்ந்து எங்கனா பூட்டு தொங்கறதப் பார்த்தாலே பேஜாராயிடறாருக்கா."

மூட் என்றால் மனநிலை என்று விளக்கினேன். அதற்குள் என் திமிர் பாதி இறங்கியிருந்தது. அட்டையை அவர்கள் முன்னால் வைத்து ஆவி பறக்கும் இட்லிப் படம், வாழையிலைப் பச்சையில் ஒரு துணி, பித்தளைத் தகடு என்று ஒவ்வொன்றாகக் குத்தினேன். பிறகு கணவரிடம் கேட்டேன்: "உங்க கடையப் பார்த்ததும் ஜனங்களுக்கு என்ன தோணணும்?"

அட்டையில் குத்தியிருந்த பித்தளைத் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். "தொறந்துகினு இருக்குதுன்னு தோணணும்" என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

எனக்கு அது பிடித்துப்போனது. உணவகப் பெயருக்குக் கீழே 'திறந்திருக்கிறது' என்றே எழுத்து வைத்துவிடலாம் என்றேன். யோசனை முழுக்க என்னுடையது. ஒருபக்கம் 'திறந்திருக்கிறது' என்றும் மறுபக்கம் 'மூடியிருக்கிறது' என்றும் எழுதிய பலகையைக் கடைகளில் தொங்கவிடுவார்களே, அது மாதிரியா என்று மனைவி கேட்டாள்.

"திருப்ப முடியாத மாதிரி பண்ணுங்க" என்றார் அவர்.

அப்படியே செய்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் கம்பி பற்றவைத்து, சுவரைத் துளைத்து, சிமெண்டில் ஆழமாக இறக்கினோம். திறப்பு விழாவில் அவர் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து ஒரு பொங்கலன்று அந்தப் பக்கம் போனேன். தெருவே அடைத்துக் கிடக்க, மெஸ் மட்டும் திறந்திருந்தது. சாப்பிட ஒருவரும் இல்லை. அவர் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். "இன்னிக்குமா?" என்றேன். "எழுதி வச்சிட்டமே மேடம்" என்றார், மறுபேச்சுக்கு இடமில்லாமல்.

மனைவி என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். மெலிந்து போயிருந்தாள்.

"ஒரு நாள்கூட மூடலக்கா. என் தங்கச்சி கல்யாணத்துக்கும் வரல. ஜுரத்துல கெடந்தப்பகூட எந்திரிச்சி வந்து கல்லாவுல குந்திக்கினாரு." குரலைத் தாழ்த்தினாள். "அந்த எழுத்தக் கழட்ட முடியுமாக்கா?"

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எழுத்துகளையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "கழட்டலாம்மா. ஆனா செவுரு பேந்துடும்."

"பேந்தா பேந்துனு போவுதுக்கா" என்றாள்.