மேல்வீட்டுத் தங்கச்சியின் படம்

மங்களேஸ்வரிக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னே கை போய்விடும். கலியாண மண்டபத்தில் ஒருவன் இடுப்பைத் தொட்டான் என்று, கொதிக்கிற சாம்பாரை வாளியோடு அவன் தலையில் கவிழ்த்தவள். அவனுக்குத் தோல் உரிந்தது. இவள் அபராதம் கட்டினாள். "இன்னொருக்கால் தொட்டாலும் ஊத்துவன்" என்று பொலிஸ்காரியின் முகத்துக்கு நேரேயே சொன்னாள். ஒஸ்லோ நகரின் புருசெத் பகுதியில் அவளை மங்களா அக்கா என்று மரியாதையோடு கூப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதியோர் இல்லமொன்றில் இருபத்தாறு வருடமாகச் சமையல் வேலை. கணவர் மகேசன் பஸ் ஓட்டுகிறார். வீட்டில் அவர் வாய் திறப்பதில்லை, திறந்து என்னத்தைக் கண்டார்! அவளுக்கிருந்த ஒரே பைத்தியம் பேஸ்புக். பிறந்தநாளோ சாமத்தியவீடோ, வந்தவர்கள் அத்தனை பேரையும் படத்தில் டேக் செய்துவிட்டுத்தான் படுப்பாள். செய்யாவிட்டால் இந்தச் சனம் விடுமா? "ஏன் அக்கா என்னை மட்டும் விட்டனீங்கள்? நான் வரேல்லையோ?" என்று விடியவே போன் வரும். "ஐயோ, என்ரை படத்தைப் போடாதேங்கோ" என்று முகத்தை மறைத்தவர்கள்தான் முதலில் போன் எடுப்பார்கள்.

ஆகவே அவளுடைய முப்பதாவது கலியாண நாளன்று, மேல்வீட்டு சிறிதேவி வடை சுட்டபடியே, "அக்கா, என்னைப் போடாதேங்கோ" என்றபோது மங்களேஸ்வரி சிரித்தாள். எல்லோரும் சொல்வதுதானே. சிறிதேவி பூப்படத்தோடு வேறு பெயரில் வைத்திருந்த கணக்கையும் தேடிப் பிடித்து, "என்ரை மேல்வீட்டுத் தங்கச்சி சிறிதேவி" என்று எழுதி, மற்ற நாற்பது பேரோடு அவளையும் டேக் செய்தாள்.

சிறிதேவி ஒன்றரை வருடத்துக்கு முன் வடக்கே துரொண்ட்ஹைம் நகரிலிருந்து உடைந்த தாடையோடு ஓடிவந்தவள். உடைத்தவன் புருசன் ரவீந்திரன். அவள் இருக்குமிடம் அவனுக்குத் தெரியக்கூடாது என்று அரசாங்கமே முகவரியை மறைத்து வைத்திருந்தது. அவளும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மங்களேஸ்வரியின் வீடு எதுவென்பது ஒஸ்லோத் தமிழருக்கெல்லாம் தெரியும். மேல்வீடு எதுவென்று பிறகு கேட்கவா வேண்டும்?

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் படிக்கட்டில் அலறல் கேட்டது. தோசை வார்த்துக்கொண்டிருந்த மங்களேஸ்வரி கதவைத் திறந்தாள். தடித்த ஜக்கெட் போட்ட ஒருவன் சிறிதேவியைத் தலைமுடியில் பிடித்து இழுத்து வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு படியிலும் அவள் தலை அடிபட்டது. சுவரெல்லாம் இரத்தம்.

அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "மங்களா அக்காதானே? படத்திலை பாத்தனான். நீங்கள் போட்டிருக்காட்டி இவளைக் கண்டுபிடிச்சே இருக்கமாட்டன்."

விளங்குவதற்கு ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன்மேல் பாதி, தன்மேல் பாதி. உள்ளே ஓடி அடுப்பிலிருந்த தோசைக்கல்லைத் தூக்கி வந்தாள். "எளிய நாயே, விடடா அவளை!" கல் அவன் காதோரம் இறங்கியது. சிறிதேவியை விட்டான், ஆனால் கத்தியை எடுத்தான். சிறிதேவியின் கழுத்துக்குப் போன கத்தியை மங்களேஸ்வரி இடது கையால் இறுக்கிப் பிடித்தாள். விரல் அறுந்தது, விடவில்லை. அவன் அவள் வாயில் குத்தினான், முன்பல் இரண்டு போயின. மிச்சப் பல்லால் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். இருவரும் கட்டிப் புரண்டு கீழ்ப்படிவரை உருண்டார்கள். எதிர்வீட்டுக் கரோலினா கூப்பிட்டுப் பொலிஸ் வந்தபோது, அவன் நெஞ்சில் ஏறியிருந்து அடித்துக்கொண்டிருந்த மங்களேஸ்வரியை இழுத்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மறுநாள் சிறிதேவி மங்களேஸ்வரியின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து நின்றாள். தலையில் பதினான்கு தையல். வாசலில் ஒரு பொலிஸ்காரி அவளுடைய பெட்டியோடு காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதடி" என்று விம்மினாள் மங்களேஸ்வரி. "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..."

"சொன்னனான் அக்கா. போடாதேங்கோ எண்டு சொன்னனான்."

மங்களேஸ்வரி வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். "இப்ப எங்கை போறாய்?" என்று கேட்டாள்.

சிறிதேவி குனிந்து, கட்டுப்போட்ட அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அழுதாள். "நீங்கள் இல்லாட்டி நான் நேற்றே செத்திருப்பன் அக்கா. ஆனால் உங்களுக்குச் சொல்லமாட்டன்."

"ஓம்" என்றாள் மங்களேஸ்வரி. "எனக்குச் சொல்லாதை."